கூட்டம் போட்டால் அதே ஒன்பது பேர்தான் வருகிறோம்: மற்றவர்களை எப்படி இழுப்பது?

மதகடி | ஆகஸ்ட் 18, இரவு 9:10

வணக்கம். இது புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊராட்சியில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. வரத்துக்கால்வாய் தூர்ந்துபோய்விட்டது. பாதி சீமைக்கருவேலம், பாதி கோழிக்கழிவு. இரண்டு வருடமாக ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டி, கடப்பாரையோடு போகிறோம். வாட்ஸ்அப் குழுவில் 214 பேர் இருக்கிறார்கள். படம் போட்டால் நாற்பது கட்டைவிரல், பத்துக் கும்பிடு விழும். கரைக்கு வருவது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் என் மைத்துனர்கள்.

போன மாதம் கல்யாண மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். 150 வடை சொல்லியிருந்தோம். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மீதியை ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று நாள் முன்னால் நடந்த சுதந்திர தின கிராம சபையிலும் இதே கதை. எங்கள் ஊராட்சிக்கு 200 பேர் இருந்தால்தான் கோரம். வந்தவர்களை நானே எண்ணினேன், எழுபதைத் தாண்டவில்லை.

எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குக் காசு வாங்காமல் டீ தருவார். தரும்போது ஒரே வசனம்: "நல்ல காரியம் சார், நடத்துங்க." அந்த "நடத்துங்க"தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஏரி அவருக்கும் ஏரிதானே? எங்கே தப்பு செய்கிறோம்?


கல்லாப்பெட்டி | ஆகஸ்ட் 18, இரவு 9:32

தப்பு உங்களிடம் இல்லை சார். ஜனங்களுக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான். பிரியாணி போட்டால் ஆயிரம் பேர் வருவார்கள்.


மதகடி | ஆகஸ்ட் 18, இரவு 9:40

வடை போட்டுப் பார்த்தாயிற்றே.


ஹேண்டில்பார் | ஆகஸ்ட் 19, காலை 6:05

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். உங்கள் வடைக் கதையைப் படித்ததும் என் அரிக்கேன் விளக்குக் கதை நினைவுக்கு வந்தது.

முதல் மாதம் எங்கள் கிராமத்தில் இரவு வகுப்புக்குப் பெண்கள் வந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி என் அம்மா. வீடு வீடாகப் போய், "படிக்க வாங்க, கையெழுத்துப் போடலாம், பஸ் போர்டு படிக்கலாம்" என்று சொல்லுவோம். அவர்களும் தலையாட்டுவார்கள். நாள் முழுக்கக் கல் உடைத்துவிட்டு, நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்கு அடுப்பு வேலை பாக்கி இருக்கும். அவள் எப்போது வருவாள்?

எங்கள் மாவட்டத்தில் அதைத் திருப்பியது சைக்கிள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அறிவொளியின் பாடமாகவே சேர்த்துவிட்டார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே கேட்டிருக்கிறேன். ராத்திரி பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாடகை சைக்கிளை நிறுத்தினோம். அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்ததும் என் கேள்வி போய்விட்டது. ஒருத்தி ஏற, நாலு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, விழுந்தால் சிரிப்பு, முட்டி பெயர்ந்தால் இன்னும் சிரிப்பு. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறியவர்களில் எனக்குப் பாடம் சொன்ன டீச்சரும் உண்டு. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளைத்தான் பலர் விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! கேலி பேசிய ஆண்களுக்குக் குறைவில்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். சைக்கிள் பழக வந்தவள் மைதானத்திலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினாள். "படிக்க வா" என்று கூப்பிட்டபோது அவளிடம் இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்டிக் கூப்பிட்டோம். சைக்கிள் அவள் ரகசியமாக ஆசைப்பட்ட பொருள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போகலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், புருஷனைக் கெஞ்ச வேண்டாம்.

உங்கள் ஏரியில் சைக்கிள் எது என்று யோசியுங்கள்.


தோழர் | ஆகஸ்ட் 19, காலை 11:20

ஆசிரியை அம்மா சொல்வது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் கலெக்டரே நின்றார் என்பதை மறக்கக் கூடாது. மதகடிக்கு எந்தக் கலெக்டர் நிற்கிறார்?

எனக்கு இந்தப் 'புதுமையான வழி' என்ற பேச்சிலேயே ஒவ்வாமை. பறை அடித்து, மணற்சிற்பம் செய்து, செல்பி எடுத்து, கலைந்துபோகிறார்கள். மறுநாள் லாரி வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறது. மக்கள் வராததற்கு ஒரே காரணம், வந்தால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை இல்லாததுதான். குப்பை அள்ளுவது போராட்டம் இல்லை, ஊராட்சி செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் செய்து தருகிறீர்கள். டீக்கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். நடத்துங்கள்!

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு செய்ததைப் பாருங்கள். 1994 டிசம்பர், கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை. மேடை அலங்காரம் எதுவும் இல்லை. அரசு வேலைகளுக்குக் கூலி கொடுத்ததாக எழுதி வைத்த வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். இன்னார், இத்தனை நாள், இத்தனை ரூபாய். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "அது நான்தான், எனக்கு ஒரு பைசா வரவில்லையே" என்பான். இப்படிப் படித்த பட்டியல்களில் செத்தவர்கள் வேலை செய்திருந்தார்கள். தன் பெயரை யாரோ படிக்கும்போது எவன் வீட்டில் இருப்பான்?

1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, கடைத்தெருவிலிருந்து காய்கறி வந்தது. "நம் பணம், நம் கணக்கு" என்பது கோஷம். அந்த வழியாக வந்ததுதான் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். உங்கள் கால்வாயைத் தூர்வார நூறு நாள் வேலையில் எத்தனை தடவை பணம் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா?


மதகடி | ஆகஸ்ட் 19, மதியம் 1:15

கேட்கவில்லை தோழர். உறைத்தது. ஆனால் ஒன்று. அந்த ராஜஸ்தான்காரர்களும் பொம்மலாட்டம், பாட்டு என்று ஊர் ஊராகப் போனவர்கள்தானே? ஊழலுக்கே ரதம் கட்டி யாத்திரை போய்க் கிண்டலடித்தவர்கள். நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.


தோழர் | ஆகஸ்ட் 19, மதியம் 1:50

பொம்மைக்குப் பின்னால் பதிவேடு இருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.


உப்புக்காற்று | ஆகஸ்ட் 19, இரவு 8:44

வேதாரண்யத்துக்காரன். ஊர்ப் பெருமை பேசாவிட்டால் சோறு இறங்காது.

1930 ஏப்ரல் 13, உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நூறு தொண்டர்களோடு கிளம்பினார். ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடை. 'கத்தியின்றி ரத்தமின்றி' பாட்டு அந்த நடைக்காக நாமக்கல் கவிஞர் எழுதியது. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது வழியோரத்தில் இருந்தவர்களைப் பற்றி.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று அறிவித்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்? ஜெயிலுக்குப் போகிற தைரியம் எல்லோருக்கும் வராது. அதைக் குற்றமாகவும் சொல்ல முடியாது. ராத்திரியோடு ராத்திரியாகப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். காலையில் நடந்து வருபவர் அண்ணாந்து பார்த்தால் சோறு. யார் கட்டினது? மரம் சொல்லுமா?

நூறு பேர் நடந்தது போராட்டம் என்றால், பொட்டலம் கட்டினதும் போராட்டம்தான். ஆனால் அவர்களை யாரும் "நடக்க வா" என்று கூப்பிட்டிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொருவர் எங்கள் ஊர் வைரப்பன். முடி திருத்துகிறவர். சவரம் செய்துகொண்டிருக்கும்போதே எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிய, பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். ஆறு மாதம் ஜெயில். "மீதியைச் செய்து முடி" என்று மாஜிஸ்திரேட் சொன்னதற்கு, "வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று பெட்டியை நீட்டினாராம், ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அவர் கொடி பிடிக்கவில்லை, மேடை ஏறவில்லை. தன் தொழிலையே நிறுத்திக் காட்டினார்.

மதகடி சார், நீங்கள் எல்லோரையும் மண்வெட்டி தூக்கச் சொல்கிறீர்கள். உங்கள் ஊரில் பொட்டலம் கட்டுகிற வேலை எது?


அடுப்படி | ஆகஸ்ட் 20, காலை 10:02

உப்புக்காற்று அண்ணனின் பொட்டலத்துக்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை அமெரிக்காவில் உண்டு. மாண்ட்கமரி ஊரில் பஸ்ஸில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது, 1955 டிசம்பரிலிருந்து. ரோசா பார்க்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அத்தனை நாளும் ஜனங்கள் வேலைக்குப் போக கார்கள் ஓடினவே, அதற்குப் பெட்ரோல் யார் போட்டது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மாவும் அவர் சேர்த்த பெண்களும் கேக்கும் பொரித்த கோழியும் விற்றுச் சேர்த்த காசும் அதில் இருந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்கிற பெண்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தும் இல்லாத சங்கம்' என்ற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். காசு எங்கிருந்து வந்தது என்றால், எங்கிருந்தும் இல்லை! வெள்ளைக்காரர்களும் அந்தக் கேக்கை வாங்கித் தின்றதுதான் கூத்து.

நான் வீட்டில் முறுக்கு சுற்றி விற்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்கு வா என்றால் சத்தியமாக வர மாட்டேன். ஞாயிறுதான் எனக்கு ஆர்டர் அதிகம். ஆனால் முறுக்குப் பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள், இருநூறு வீட்டுக்குப் போகும்.


பாதிராத்திரி | ஆகஸ்ட் 21, நள்ளிரவு 12:30

சிலி நாட்டில் 1983 மே மாதம் செம்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் என்று ஆரம்பித்தது. சர்வாதிகாரி பினோசேயின் ராணுவம் சுடும் என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டார்கள்: மெதுவாக வேலை செய்யுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்தே பாத்திரத்தைத் தட்டுங்கள். நகரமே அதிர்ந்தது. நம்மோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் காது வழியாகத் தெரிந்துபோயிற்று. மதகடி, தட்டிப் பாருங்களேன்.


மார்கழி | ஆகஸ்ட் 21, காலை 7:15

அவ்வளவு தூரம் எதற்கு? 2019 டிசம்பர் 29, பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் தெருவில் கோலம் போட்டார்கள். போலீஸ் சிலரைப் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டது. மறுநாள் பார்த்தால் ஊர் முழுக்க வாசல்களில் அதே கோலம். ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும், மைக்குக்கு அனுமதி வேண்டும். மார்கழியில் வாசலில் கோலம் போட யாரிடம் மனுக் கொடுப்பது?


கல்லாப்பெட்டி | ஆகஸ்ட் 21, காலை 7:40

சட்டம் போய்விட்டதா?


மார்கழி | ஆகஸ்ட் 21, காலை 7:48

போகவில்லை. அதுவரை அரசியல் பேசாத என் மாமியார் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?


இழை நிர்வாகி | ஆகஸ்ட் 21, காலை 8:30

குடியுரிமைச் சட்ட வாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஏரியை விட்டு விலக வேண்டாம்.


மதகடி | செப்டம்பர் 9, இரவு 10:20

பாதிராத்திரி பேச்சைக் கேட்டு ஒரு சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒன்பது வீட்டிலும் தட்டைத் தட்டினோம். தெரு நாய்கள் அத்தனையும் கூடிவிட்டன. எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, "மறுபடியும் கொரோனாவா?" என்று கேட்டார். தட்டுவதற்கு முன்னால் தட்டுகிறவர்கள் வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இப்போது வேறொன்று ஆரம்பித்திருக்கிறோம். ஹேண்டில்பார் அம்மா சொன்னதிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் தூக்குகிறவர்கள் பெண்கள். வீட்டுக் கிணறு வற்றினால் முதலில் தெரிவது அவர்களுக்கு. ஏரி நிரம்பினால் கரைக்குக் கீழே உள்ள கிணறுகள் ஊறும், நிரம்பாவிட்டால் ஊறாது. இது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஏரியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரிடம் ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கல், அடிக்கு ஒரு முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து, கிணற்றுச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரம் கிணறு எண்ணினோம், ஊரில் நாற்பத்தேழு. பாதிக்கு மேல் போர் போட்ட பிறகு வலை போட்டு மூடியவை. ஒரு வீட்டில் கிணற்றுக்குள் பழைய கிரைண்டர் கிடந்தது.


தோழர் | செப்டம்பர் 10, காலை 9:00

கணக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. தகவல் மனு?


மதகடி | செப்டம்பர் 10, காலை 9:25

ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியாயிற்று.


ஹேண்டில்பார் | அக்டோபர் 5, காலை 6:30

தம்பி, கிணறு என்ன ஆயிற்று? அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனீர்களா?


மதகடி | அக்டோபர் 5, இரவு 9:50

போனோம் அம்மா. நூறைத் தொட்டது, கோரம் இல்லை. ஆனால் சுவர் எழுத்து வேலை செய்கிறது. வடக்குத் தெருக்காரர் தெற்குத் தெருவுக்குப் பால் ஊற்றப் போனால் கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறார். "உங்க கிணறு 31 அடியா? எங்களுது 24" என்று பேச்சு. மூடிய கிணற்றுக்காரர்கள் வலையை விலக்கி, "எங்களுதையும் அளங்க" என்கிறார்கள். அளக்கும் பிள்ளைகள் இப்போது பதினொரு பேர். அடுப்படி அக்கா சொன்னபடி எங்கள் ஊர் முறுக்குக்கார அம்மா ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்த வாரத்து அளவைத் துண்டுச் சீட்டாக வைக்கிறார். மழை பெய்தும் தெற்குத் தெருக் கிணறுகள் ஏறவில்லை என்பது அந்தச் சீட்டில் பச்சையாகத் தெரிகிறது.

ஒரு சண்டையும் நடந்தது. ஒரு வீட்டுக் கிணறு மட்டும் சட்டென்று இறங்க, பக்கத்து வீட்டு போர் மேல் பழி விழுந்து, இரண்டு குடும்பமும் இன்னும் பேசவில்லை. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறேன்.


மதகடி | நவம்பர் 2, மாலை 5:10

நேற்றைய கிராம சபை, சுருக்கமாக.

தகவல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் இரண்டு முறை வரத்துக்கால்வாய் தூர்வாரியதாகக் கணக்கு. நான் படிக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்காவிடம் கொடுத்தோம், அவர் படித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "அந்தக் கால்வாயில நாங்க முள்ளு வெட்டினது வாஸ்தவம். மண்ணு எடுக்கவே இல்ல. எடுத்திருந்தா எங்க கிணறு ஏன் 31 அடி?"

ஏன் 31 அடி! இரண்டு வருடம் நான் மைக்கில் கத்தியதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். அப்புறம் ஆளுக்கு ஆள் தங்கள் கிணற்று அளவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். செயலர் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. வருகைக் கையெழுத்து 226. கால்வாயை அளந்து மறுபடி தூர்வார வேண்டும், பழைய கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதி வாங்கினோம்.

லாரி நிற்கவில்லை. போன வியாழன் ராத்திரி கூடக் கொட்டியிருக்கிறார்கள். ஞாயிறு மண்வெட்டிக்கு இன்றைக்கு வந்தது பன்னிரண்டு பேர், அதில் புதிதாக மூன்று. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.


தோழர் | நவம்பர் 2, மாலை 5:45

தீர்மான நகலை அங்கேயே வாங்கினீர்களா? வாங்காவிட்டால் அது காகிதம் கூட இல்லை.


மதகடி | நவம்பர் 2, மாலை 5:52

போனில் படம் எடுத்துவிட்டோம். கையெழுத்துப் போட்ட நகல் திங்கட்கிழமை தருவதாகச் சொல்கிறார்கள். பதினைந்து பேர் போய் நிற்பதாக ஏற்பாடு.


கல்லாப்பெட்டி | நவம்பர் 2, மாலை 6:20

சரி, டீக்கடைக்காரர் வந்தாரா?


மதகடி | நவம்பர் 2, மாலை 6:41

கிராம சபைக்கு வரவில்லை, கடை இருக்கிறதாம். ஆனால் இன்று காலை டீ கொடுக்கும்போது, "சார், மூணாந்தெரு கோடி வீட்டுக் கிணத்துல தப்பா எழுதியிருக்கு. 27 இல்ல, 29. நேத்து ராத்திரி நானே கயிறு விட்டுப் பாத்தேன்" என்றார்.


அடுப்படி | நவம்பர் 2, மாலை 6:50

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. சாக்பீஸ் எழுத்து நிற்குமா?


மதகடி | நவம்பர் 2, மாலை 6:58

நிற்காது அக்கா. ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு மஞ்சள் பெயின்ட் டப்பா வாங்குகிறோம். பிரஷ் யாராவது கொடுத்தால் நன்று.